தழும்பு ஆறணும், கூலியும் வரணும்

(திருப்பூர் வேலம்பாளையத்தில் பனியன் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் திருநம்பித் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நெஞ்சைப் பத்திப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஊர் உலகத்து ஆம்பளைங்க நெஞ்சுக்கெல்லாம் அளவு பார்த்துப் பனியன் தைக்கிற ஊர் இது. 80, 85, 90, 95 என்று நெஞ்சளவை வைத்துத்தான் நம்ம பண்டலே பிரியுது. பவர் டேபிளில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் தைச்ச நான், எனக்கென்று ஒரு பனியன் எடுத்துப் போட்டுக்க இருபது வருசத்துக்கு மேல் ஆச்சு.

பெண் என்று பிறப்பில் எழுதப்பட்டு, ஆண் என்று தன்னை அறிந்தவர் திருநம்பி. அவர்களில் பலர் மார்பை அகற்றும் அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார்கள். செய்துகொள்வதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நல்சா தீர்ப்பில், பாலினத்தை ஏற்க அறுவை சிகிச்சையைக் கட்டாயப்படுத்துவது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. நான் பேச வந்தது அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றி. கட்டுப் பிரித்த பிறகு புண் எப்படி ஆறுது, தழும்பு எப்படித் தெரியுது, அந்த நாட்களில் சோறு யார் போடுவது என்பதைப் பற்றி.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: "நிலம் இல்ல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, வெட்டுக்குத்து நடக்குது. இதுக்கு நடுவுல தழும்பு அழகா இருக்கணும்னு பேசுறது மேல்தட்டு ஆசை இல்லையா?"

இல்லை. யார் நெஞ்சை மூடலாம், யார் நெஞ்சைத் திறக்கணும் என்று சட்டம் போட்டதே சாதிதான். தென் திருவிதாங்கூரில், இன்றைக்குக் குமரி மாவட்டம் இருக்கிற பகுதியில், நாடார் பெண்கள் தோள்சீலை போட்டதற்காக அடிக்கப்பட்டார்கள், சீலை கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டு போராடித்தான் 1859இல் மேலாடை போட அரசாணை வந்தது. அதிலேயும் "உயர்சாதிப் பெண்கள் மாதிரி போடக்கூடாது" என்று ஒரு வால் இருந்தது. ஆண்களுக்கு மட்டும் என்ன? ஆதிக்க சாதிக்காரன் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு வரணும். சட்டை, செருப்பு கூடாது. நம்ம தாத்தாக்களுக்கு வெற்று மார்பு ஒரு உத்தரவு. கோட்டு சூட்டு போட்ட அம்பேத்கர் படத்தை நாம் தெருவில் நிறுத்துவது சும்மாவா? அந்த உத்தரவுக்கு அதுதான் பதில். அதனால் என் நெஞ்சு எப்படித் தெரியணும் என்று நான் கேட்டால் அது ஆடம்பரம் இல்லை. நாம் பரம்பரையாகக் கேட்டுவரும் கேள்வி அது.

இன்னொன்று. இந்த மருத்துவம் மேற்கத்திய மோகம் என்கிறார்கள். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வந்தது. மூக்கறுபட்ட காவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்குப் புனே பக்கத்தில் நெற்றித் தோலை எடுத்துப் புது மூக்கு வைத்தார்கள். வைத்தவர் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்தவர். ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் படித்துத்தான் தாங்களும் செய்து பார்த்தார்கள். நம்ம ஊரில் கட்டி அறுத்ததும் பிரசவம் பார்த்ததும் நாவிதர் குடும்பங்கள். தோலையும் ரத்தத்தையும் தொட்டால் தீட்டு என்றவர்களா இந்த அறிவை வளர்த்திருப்பார்கள்?

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகம் கட்டிக் கொடுத்தவர் ஹரால்ட் கில்லிஸ். அவரே 1946 முதல் 1949 வரை மைக்கேல் டில்லன் என்ற ஆங்கிலேயத் திருநம்பிக்கு 13 அறுவை சிகிச்சை செய்தார். டில்லன் அதற்கு முன்பே, பிரிஸ்டலில் கார் ஷெட்டில் வேலை பார்த்த காலத்தில், மார்பு அறுவை சிகிச்சை முடித்திருந்தார். புண்ணில் சீழ் வைத்து நொண்டி நடந்தபோது, போரில் பட்ட அடி என்று ஊரில் சொல்லிக்கொண்டார். உண்மையைச் சொல்லி ஆறுதல் தேட முடியவில்லை. பிறகு இந்தியா வந்து பௌத்தரானார். ஆண், பெண் என்ற விதிக்குள் அடங்காதவர் என்று முழுத் துறவு மறுக்கப்பட்டது. 1962இல் டல்ஹவுசியில் இறந்தார். 1956இல் பாபாசாகேப் நம்மை அழைத்துப்போன அதே தம்மத்தின் வாசலில் ஒருவர் உடலைக் காட்டி நிறுத்தப்பட்டார் என்றால், அதைப் பற்றி நாமும் யோசிக்க வேண்டாமா?

இப்ப நம்ம கதைக்கு வரேன். ஒரு தலித் குடும்பத்தில் திருநம்பி பெண் பிள்ளையாகத்தான் வளர்கிறார். பெண் பிள்ளை என்றால் மில்லு. சுமங்கலித் திட்டம் என்று மூணு வருசம் விடுதியில் அடைத்து, கடைசியில் மொத்தமாகக் கல்யாணக் காசு தருவோம் என்று சொன்ன நூற்பாலைகளுக்கு அதிகமாகப் போனது நம்ம பிள்ளைங்கதானே? கல்யாணமே வேண்டாம், தான் பெண்ணே இல்லை என்று அறிந்த ஒருவர் அந்த விடுதியில் என்ன பாடுபட்டிருப்பார்! பஞ்சுத் தூசியில் மூச்சு இழுக்கிறதே கஷ்டம். அதில் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். விலா வலிக்கும், தோல் புண்ணாகும், மூச்சு மேலேயே நிற்கும். அறுவை சிகிச்சைக்கு ஏன் போகிறார்கள் என்று கேட்பவர்கள் ஒரே ஒரு ஷிப்ட் அப்படிக் கட்டிக்கொண்டு நின்று பார்க்கட்டும்.

சரி, சிகிச்சை முடிந்தது. டாக்டர் மூணு நிமிசத்தில் சொல்வதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மார்பு சிறிதாக இருந்தால் காம்பைச் சுற்றி மட்டும் கீறி எடுப்பார்கள். பெரிதாக இருந்தால் இரண்டு பக்கமும் கீழே நீளமாகக் கீறி, சதையை எடுத்து, காம்பைச் சிறிதாக்கித் தனியே ஒட்டுவார்கள். முதல் இரண்டு நாள் கவனம். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கிக் கெட்டியானால் உள்ளே ரத்தம் தேங்குது என்று அர்த்தம். விடியட்டும் என்று இருக்காதீர்கள், ராத்திரியே ஓடுங்கள். நீர் வடியக் குழாய் வைத்திருந்தால் தினமும் அளந்து நோட்டில் எழுதணும். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குப் பக்கத்தில் குறைந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். காய்ச்சல், சீழ், நாற்றம், பரவும் சிவப்பு வந்தால் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வேண்டாம், ஆஸ்பத்திரி.

ஒட்டின காம்பு கறுத்துப் பொருக்குத் தட்டும். பார்க்கிறவர் அழுகிப்போச்சு என்று பதறுவார். பெரும்பாலும் அது ஆறும் வழிதான். பிய்க்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் பொருக்கு உதிரும். நம்ம கறுத்த தோலில் அடியில் இளஞ்சிவப்பாகவோ வெள்ளைத் திட்டாகவோ தெரியும். மாதக்கணக்கில் நிறம் திரும்பும், சிலருக்குத் திட்டு தங்கிவிடும். பீடி, சிகரெட்டைச் சில வாரம் முன்பே நிறுத்தணும். புகை பிடித்தால் ரத்த ஓட்டம் குறைந்து ஒட்டு பிடிக்காமல் போகலாம். நெஞ்சு மரத்துக் கிடக்கும், சுருக்கென்று ஷாக் அடிக்கும். நரம்பு மெதுவாகத்தான் திரும்பும், முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

தழும்பு முதல் சில மாதம் சிவந்து, தடித்து, அரிக்கும். அதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அது அடங்க 12 முதல் 18 மாதம் ஆகும். புண் முழுக்க மூடின பிறகு சிலிக்கான் பட்டையோ ஜெல்லோ மாதக்கணக்கில் போடலாம். வெயில் படாமல் மூடணும். ஓரத்தில் சதை சுருண்டு நிற்பது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாதது, இதையெல்லாம் ஆறு மாதம், ஒரு வருசம் கழித்துச் சின்னதாகச் சரிசெய்ய முடியும்.

கெலாய்டு என்று ஒன்று உண்டு. தழும்பு தன் எல்லையைத் தாண்டி வளரும், வலிக்கும். கறுத்த தோலுக்கு இது அதிகம் வரும், நெஞ்சுப் பகுதியில் இன்னும் அதிகம். காது குத்தின இடமோ தடுப்பூசி போட்ட இடமோ உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ உருண்டு தடித்திருந்தால் கத்தி வைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். வந்துவிட்டால் தோல் பிரிவில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். வெறுமனே அறுத்தெடுத்தால் பெரிதாகத் திரும்பி வரும்.

இதில் ஒரு அரசியல் இருக்கு. பெரும்பாலான பாடப்புத்தகங்களில் இருப்பது வெள்ளைத் தோல் படம். அதில் தழும்பு ஒரு மெல்லிய கோடு. நம்ம ஆள் கண்ணாடியில் கறுத்துத் தடித்த வரியைப் பார்க்கிறார். "எனக்குக் கெட்டுப்போச்சு" என்று உடைந்து போகிறார். கெட்டுப் போகவில்லை. அது நம்ம தோல் ஆறும் விதம். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வரும். ஆசைப்பட்டுச் செய்துவிட்டு அழலாமா என்று யாரும் கேட்கக் கூடாது. மயக்க மருந்து, வலி, தூக்கமின்மை, தனிமை எல்லாம் சேர்ந்த அழுகை அது.

ஆணாகப் பிறந்த பையனுக்கு மார்பு வளர்ந்தால் அதையும் அறுத்தெடுக்கிறார்கள். "கூச்சமா இருக்கும் பாவம்" என்று அம்மாவே கூட்டிப்போவார். எவனும் சான்றிதழ் கேட்பதில்லை. அதே கூச்சம் எனக்கு வந்தால் மட்டும் வியாதியா, வேசமா?

இப்ப கூலிக்கு வருவோம். ஆறு வாரம் நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்கிறார்கள். ஆறு வாரம் என்றால் 42 நாள். பீஸ் ரேட்டுக்காரனுக்கு 42 நாளும் பூஜ்யம். லைன் வீட்டு வாடகை நிற்குமா? பொதுக் குளியலறையில் கட்டோடு எப்படிக் குளிப்பது? முதலில் சாதி கேட்ட வீட்டுக்காரர் இப்ப இன்னொன்றும் கேட்பார். பலர் பதினைந்தாம் நாளே கம்பெனிக்குத் திரும்புகிறார்கள். பண்டல் தூக்க வேண்டியிருக்கு, மேல் தட்டில் இருந்து கோன் எடுக்க வேண்டியிருக்கு. தையல் இழுபடுது, தழும்பு அகலமாகுது. தோழர்களே, என் தழும்பு அகலமாக இருப்பதற்கு டாக்டர் கத்தி மட்டும் காரணமில்லை. காண்ட்ராக்ட்காரர் நோட்டும் காரணம். பணக்காரன் தழும்புக்கும் நம்ம தழும்புக்கும் உள்ள வித்தியாசம் அந்த நாலு வார ஓய்வுதான். அழகு என்று ஏளனம் செய்தீர்களே, அதற்குள் எவ்வளவு கூலி இருக்கிறது பாருங்கள்!

இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி என்று கூலியில் 70 சதவீதம், வருசத்துக்கு 91 நாள் வரை உண்டு. ஆனால் உங்கள் பேர் பதிவேட்டில் இருக்கணும். பிடித்தம் கட்டியிருக்கணும். ஒப்பந்தத்தில் வேலை செய்கிற எத்தனை பேருக்கு அட்டை இருக்கிறது?

கவனிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தைப் பாருங்கள். அனன்யா குமாரி அலெக்ஸ் என்ற திருநங்கை, வானொலித் தொகுப்பாளர். 2020இல் நடந்த தன் அறுவை சிகிச்சை தவறாகிவிட்டது, ஒரு வருசம் கழித்தும் நிற்க முடியாத வலி என்று வெளிப்படையாகவே சொன்னார். 2021 ஜூலையில் கொச்சியில் தான் குடியிருந்த இடத்தில் இறந்து கிடந்தார். அவர் செய்தது வேறு வகைச் சிகிச்சை. ஆனால் சிகிச்சைக்குப் பிறகு ஆளைக் கைவிடுவது எல்லா வகைக்கும் பொது. 2019இல் வந்த திருநர் சட்டம் சிகிச்சையும் காப்பீடும் அரசின் கடமை என்று எழுதியது. அந்தக் கடமை அறுவை அரங்கின் கதவோடு முடிந்துவிடக் கூடாது.

நான் கேட்பது மூணு. சிகிச்சை பற்றிப் பேசும் இடமெல்லாம் ஆறு வார ஓய்வுக்கான கூலியையும் சேர்த்துக் கேளுங்கள், அரசிடமும் கம்பெனியிடமும். அரசு ஆஸ்பத்திரியில் தழும்புக்கான ஊசி, பட்டை, திருத்த அறுவை, மனநல ஆலோசனை இவற்றையும் இலவச சிகிச்சையின் பகுதியாக்கச் சொல்லுங்கள். மூணாவது நமக்கு. இயக்கத்தில் ஒருவர் கட்டோடு படுத்தால், ஆறு வாரம் சோறும் வாடகையும் முறை போட்டுப் பார்த்துக்கொள்ள நம்மால் முடியும். தேர்தலுக்கும் மாநாட்டுக்கும் ஆள் திரட்டுகிறோமே, ஒரு தோழரின் தலைமாட்டில் உட்கார நாலு பேரைத் திரட்ட முடியாதா?

தழும்பைச் சொல்லி யாராவது கேலி செய்தால் நான் மறைக்கப் போவதில்லை. விரும்பினால் பனியன் போடுவேன், விரும்பினால் கழற்றுவேன். கழற்று என்று உத்தரவு போட மட்டும் இனி எவனுக்கும் உரிமை கிடையாது. ஜெய்பீம்.