பனி மேல பழி போடாதீங்க: பழைய காரும் வழுக்குற ரோடும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு கனடால பழைய கார் ஓட்டுற எல்லாருக்கும். முக்கியமா, ஊர்ல இருந்து படிக்க வந்து, முதல் வேலை கிடைச்சதும் கையில இருந்த காசுக்கு ஒரு பழைய காரை வாங்கி, இப்ப முதல் குளிர்காலத்தைப் பார்க்கப் போற நம்ம ஆளுங்களுக்கு. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். என் கார் 2009 மாடல்.

ஒரு ஜனவரி ராத்திரி. ஸ்கார்பரோல வேலை முடிச்சு ரூம்மேட்டோட வீட்டுக்கு வந்துட்டு இருக்கேன். எங்க தெருவுக்குள்ள வலது பக்கம் திரும்பணும். வேகம் 20 கிலோமீட்டர்கூட இருந்திருக்காது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி பாட்டுக்கு நேரா போகுது! இன்னும் திருப்பினேன், அப்பவும் நேரா. எதிர்ப் பக்கம் இருந்த நடைபாதை விளிம்புல முன் சக்கரம் மோதித்தான் நின்னுச்சு. அந்த நேரத்துல அங்க யாரும் நடந்து போகல. அது எங்க அதிர்ஷ்டம்.

ரூம்மேட் கேட்டான், "என்னடா, வண்டி நீ சொல்றத கேக்காதா?" நான் சொன்னேன், "ஸ்னோடா."

உண்மை என்னன்னா, மூணு வாரமா நான் எல்லாத்துக்கும் அதே பதில்தான் சொல்லிட்டு இருந்தேன். நேரான ரோட்டுல வண்டி அலையுது, ஸ்னோ. பள்ளத்துல இறங்கினா முன்னாடி 'டொக்'னு ஒரு சத்தம், ஸ்னோ. ஸ்டீயரிங் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு, அதுவும் ஸ்னோ.

அந்த சனிக்கிழமை ஒரு கராஜுக்குப் போனேன். அங்க இருந்த அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருஷத்துக்கு மேல இந்த வேலைதான். காரை லிஃப்ட்ல தூக்கி, முன் சக்கரத்தை ரெண்டு கையாலயும் இடமும் வலமுமா ஆட்டினார். டொக், டொக். "தம்பி, ஸ்னோவில பிழை சொல்லாதீங்கோ. இங்க பாருங்கோ."

அவர் காட்டினது டை ராட் எண்ட். நீங்க ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்தக் கட்டளையைச் சக்கரத்துக்குக் கொண்டு போற கம்பியோட கடைசி மூட்டு. ஒரு கிண்ணத்துக்குள்ள ஒரு குண்டு, அதுக்கு மேல ஒரு ரப்பர் உறை. என் வண்டில அந்த உறை கிழிஞ்சு, ரோட்டுல போடுற உப்புத் தண்ணி உள்ள போய், கிரீஸ் எல்லாம் கழுவிப் போய், குண்டு தேய்ஞ்சு ஆடிட்டு இருந்துச்சு. அது கழண்டா அந்தச் சக்கரம் அதோட இஷ்டத்துக்குத் திரும்பும். நான் அந்த வண்டியில தினமும் ஹைவேல போயிட்டு இருந்தேன்.

அவர் அதோட விடல. டயரைத் தடவிப் பார்த்துட்டு, "இதுவும் பிழைதான்"னார். பழைய ஆல் சீசன் டயர், பாதிக்கு மேல தேய்ஞ்சது.

இங்கதான் எனக்குப் புரிஞ்சது. அன்னைக்கு ராத்திரி வண்டி திரும்பாததுக்குக் காரணம் டயர். மூணு வாரமா அலைஞ்சதுக்கும் சத்தத்துக்கும் காரணம் டை ராட். ரெண்டு தனித்தனிப் பிரச்சினை, ரெண்டுக்கும் நான் வச்சிருந்தது ஒரே சாக்கு.

முதல் கேள்வி: காய்ஞ்ச ரோட்டுலயும் அப்படியா?

பனியில வண்டி எப்படியும் கொஞ்சம் அலையும். அதனால கோளாறைப் பனியிலயே தேடாதீங்க. ரோடு காய்ஞ்சிருக்கிற ஒரு நாள், காலியான பார்க்கிங் இடத்துல 20, 30 வேகத்துல ஓட்டிப் பாருங்க. அங்க பிரச்சினையே இல்ல, பனியில மட்டும்தான் வண்டி கேக்க மாட்டேங்குதுன்னா, முதல்ல டயரைப் பாருங்க. காய்ஞ்ச ரோட்டுலயும் அதே அலைச்சல், அதே சத்தம்னா, வண்டிக்குள்ள ஏதோ போயிடுச்சு.

டயர்

வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழ போனாலே ஆல் சீசன் டயரோட ரப்பர் இறுக ஆரம்பிச்சுடும். விண்டர் டயர் குளிர்லயும் மெத்துனு இருக்கும். டயர் பக்கவாட்டுல மூணு சிகரம் உள்ள மலை, அதுக்குள்ள ஒரு பனிப்பூ, அந்தச் சின்னம் இருக்கான்னு பாருங்க. க்யூபெக்ல டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும் விண்டர் டயர் கட்டாயம். ஒன்டாரியோல அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனா 2016ல இருந்து இங்க விண்டர் டயர் போட்டா இன்ஷூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி கொடுக்கணும். கேட்டு வாங்குங்க.

காசு மிச்சம் பண்றோம்னு முன்னாடி ரெண்டு மட்டும் போடாதீங்க. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவுல வண்டியோட பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்னாடி வந்துடும். போட்டா நாலும் போடுங்க.

அப்புறம் காத்து. வெப்பநிலை அஞ்சு, ஆறு டிகிரி இறங்கினா டயர்ல சுமார் ஒரு பி.எஸ்.ஐ. குறையும். அக்டோபர்ல 15 டிகிரில காத்து அடிச்சுட்டு விட்டுட்டீங்கன்னா, மைனஸ் 15 வரும்போது அஞ்சு பி.எஸ்.ஐ. போயிருக்கும். ஒரு பக்கம் மட்டும் அதிகமா குறைஞ்சிருந்தா வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்க. எவ்வளவு இருக்கணும்னு டிரைவர் கதவைத் திறந்தா உள்ள ஸ்டிக்கர்ல இருக்கும். டயர் மேல எழுதியிருக்கிறது அதிகபட்ச அளவு, அதை நம்பி அடிக்காதீங்க.

ஸ்டீயரிங் கனமா இருந்தா

மைனஸ் 20ல காலைல வண்டியை எடுத்ததும் ஸ்டீயரிங் கனமா இருக்கு, ஒரு முனகல் சத்தம் வருது, கொஞ்ச நேரத்துல சரியாகுது. பழைய வண்டிகள்ல இது சகஜம். பவர் ஸ்டீயரிங் ஆயில் குளிர்ல கெட்டியாயிடும், சூடானா இளகிடும். சூடான பிறகும் முனகல் நிக்கலன்னா ஆயில் அளவைப் பாருங்க. குறைஞ்சிருந்தா சும்மா ஊத்திட்டுப் போகாதீங்க, எங்கயோ கசியுது. உப்புல துருப்பிடிச்ச குழாயா இருக்கலாம். திருப்பும்போது 'கீச்'னு கத்தினா பெல்ட்டைப் பார்க்கணும்.

சில வண்டிகள்ல ஆயிலே கிடையாது, மோட்டார்தான். அதுல பேட்டரி பலவீனமானா ஸ்டீயரிங் திடீர்னு கனமாகும், விளக்கு எரியும். அப்ப பேட்டரியை முதல்ல சோதிக்கச் சொல்லுங்க.

ஒரு பக்கம் இழுத்தா

இங்க தண்ணி வடியறதுக்காக ரோட்டை ஓரம் பார்த்துச் சரிவாத்தான் போடுவாங்க. அதனால லேசா வலது பக்கம் போறது சாதாரணம். சமமான காய்ஞ்ச ரோட்டுலயும் இழுத்தா, முதல்ல காத்து, அடுத்தது அலைன்மெண்ட். என்னை மாதிரி நடைபாதை விளிம்புல மோதியிருந்தா கண்டிப்பா பாருங்க. பிரேக் அடிக்கும்போது மட்டும் இழுத்தா அது ஸ்டீயரிங்கே இல்ல. ஒரு பக்கத்து பிரேக் துருவுல சிக்கியிருக்கலாம்.

ஆடினா

பெரிய பனிக்கு மறுநாள் ஹைவேல 80ல ஸ்டீயரிங் கடகடன்னு ஆடுதா? பயப்படுறதுக்கு முன்னாடி ஓரமா பாதுகாப்பான இடத்துல நிறுத்தி, சக்கர வளையத்துக்கு உள்பக்கம் பாருங்க. பனி ஒட்டி இறுகிப் போயிருக்கும். அதனால சக்கரத்தோட சமநிலை போயிடும். சுத்தம் பண்ணினா பாதிப் பேருக்கு அங்கயே பிரச்சினை தீர்ந்துடும். [சிரிக்கிறார்] பாதின்னு நான் சும்மா சொல்றேன், கணக்கெல்லாம் கேக்காதீங்க. சுத்தம் பண்ணியும் ஆடினா கராஜுக்குப் போங்க.

தொளதொளன்னு இருந்தா

இதுதான் நான் கோட்டை விட்டது. இன்ஜின் ஓடும்போது, சக்கரம் நேரா இருக்கும்போது, ஸ்டீயரிங்கை மெதுவா இடமும் வலமும் ஆட்டுங்க. வெளியே ஒரு ஃப்ரெண்டை நிக்க வச்சு முன் சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுங்க. நீங்க ஒரு அங்குலத்துக்கு மேல ஆட்டியும் சக்கரம் அசையவே இல்லன்னா, நடுவுல ஏதோ தேய்ஞ்சிருக்கு.

மெக்கானிக் வண்டியைத் தூக்கும்போது பக்கத்துல நில்லுங்க. சக்கரத்தோட இடது, வலது ஓரத்தைப் பிடிச்சு ஆட்டும்போது ஆடினா, பெரும்பாலும் டை ராட். மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டும்போது ஆடினா, பால் ஜாயிண்ட் இல்லன்னா பேரிங். டை ராட் மாத்தினா அலைன்மெண்ட்டும் பண்ணணும், அதை விட்டுடாதீங்க. இதை வீட்டு வாசல்ல ஐஸ் மேல ஜாக்கி போட்டு நீங்களே செய்ய வேண்டாம்.

வழுக்கிட்டா என்ன பண்றது?

ஓட்டிட்டு இருக்கும்போது ஸ்டீயரிங் திடீர்னு வெண்ணெய் மாதிரி லேசாச்சுன்னா சந்தோஷப்படாதீங்க. முன் டயர் ரோட்டோட பிடியை விட்டுடுச்சுன்னு அர்த்தம். அன்னைக்கு நான் பண்ணின தப்பு, இன்னும் இன்னும் திருப்பினது. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திரும்ப விட்டிருந்தா டயர் மறுபடி பிடிச்சிருக்கலாம். பின்பக்கம் வழுக்கினா, நீங்க போக வேண்டிய திசையைப் பார்த்து, அந்தத் திசைக்கே ஸ்டீயரிங்கைத் திருப்புங்க.

இன்னொரு விஷயம். வண்டி சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியா பிரேக் போட்டு உதவுற மின்னணு வசதி, கனடால 2011 செப்டம்பர்ல இருந்து தயாரான புதுக் கார்கள்லதான் கட்டாயம். அதுக்கு முந்தின கார்னா உங்களுக்கு அது இல்லாமலே இருக்கலாம். ஃப்ரெண்டோட புது வண்டி எடுக்குற வளைவை அதே வேகத்துல நீங்க எடுக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. 'டொக்' சத்தமும் தொளதொளப்பும் சேர்ந்து வந்தா, "சம்பளம் வரட்டும், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்"னு ஓட்டாதீங்க. நான் அப்படித்தான் நினைச்சேன். அன்னைக்கு என் பக்கத்து சீட்ல ரூம்மேட் இருந்தான். அவன் அம்மா ஊர்ல இருந்து ஃபோன் பண்ணும்போதெல்லாம் என்கிட்டயும் பேசுவாங்க. "பார்த்துப் போங்கப்பா"ன்னு சொல்லித்தான் வைப்பாங்க.

பார்த்துப் போங்க மக்களே. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.