சிங்கங்களை இடம் பெயர்க்காத ஹாலெத் சாம்பெல்



துருக்கியின் தென்பகுதியில், ஜெய்ஹான் ஆற்றங்கரைக் காட்டுக்குள் ஒரு குன்று. கரடேபே என்று பெயர். சிங்க உருவம் செதுக்கிய கல் ஒன்று அங்கே கிடக்கிறது என்று ஆடு மேய்க்கும் நாடோடிகள் சொல்லி வந்தார்கள். 1946இல் காதிர்லி ஊர்ப் பள்ளி ஆசிரியர் எக்ரெம் குஷ்சு வழிகாட்ட, ஜெர்மானியப் பேராசிரியர் போசெர்ட் அந்தக் குன்றின் மேல் ஏறினார். உடன் ஏறியவர், முப்பது வயதை எட்டாத ஹாலெத் சாம்பெல்.

1916இல் பெர்லினில் பிறந்த துருக்கியப் பெண் அவர். பாரிஸின் சோர்போனில் தொல்லியல் படித்தவர். அவர் கையில் வாளும் பழகியிருந்தது! 1936 பெர்லின் ஒலிம்பிக்கில், சக வீராங்கனை சுவாத் அஷேனியுடன் வாள்வீச்சில் துருக்கிக்காகக் களமிறங்கினார். ஒலிம்பிக் கண்ட முதல் முஸ்லிம் பெண்கள் இந்த இருவரும்தான். ஹிட்லரைச் சந்திக்க அழைத்தபோது, முடியாது என்று மறுத்துவிட்டார் ஹாலெத்.

கரடேபேயில் அவர்கள் கண்டது கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அசாதிவாதா என்ற சிற்றரசர் எழுப்பிய கோட்டை. அதன் வாசல்களில் ஒரே செய்தி இரண்டு மொழிகளில் வெட்டப்பட்டிருந்தது. ஒன்று ஃபீனீசியம், அறிஞர்கள் படிக்கத் தெரிந்த எழுத்து. மற்றொன்று லூவியப் பட எழுத்து, முழுமையாகப் பிடிபடாதிருந்தது. தெரிந்ததை வைத்துத் தெரியாததைச் சரிபார்க்க வழி பிறந்தது.

ஆனால் சிற்பங்கள் உடைந்து சிதறிக் கிடந்தன. அவற்றை அருங்காட்சியகத்துக்கு ஏற்றிச் செல்வதை ஹாலெத் ஏற்கவில்லை. கோட்டை வாசலுக்காகச் செதுக்கிய சிங்கம் வாசலில்தான் நிற்க வேண்டும் என்பது அவர் உறுதி. சாலை வசதியே இல்லாத அந்தக் காட்டில் ஆண்டுக்கணக்காகத் தங்கி, துண்டுக்குத் துண்டு பொருத்தினார். மழையும் வெயிலும் தாக்காதிருக்கக் கட்டடக்கலைஞர் துர்குத் ஜான்செவெர் கான்கிரீட் கூரைகளை வடிவமைத்தார். ஹாலெத்தின் கணவர், கவிஞர் நாயில் சாக்கிர்ஹான், அவற்றைக் கட்டி முடித்தார். கரடேபே திறந்தவெளி அருங்காட்சியகமானது.

இடையில், 1964 முதல், அமெரிக்கரான ராபர்ட் பிரெய்ட்வுட்டுடன் சாயோனு என்ற இடத்தில் அகழாய்வு நடத்தினார். வேளாண்மை தொடங்கிய காலத்துக் கிராமம் ஒன்று அங்கே வெளிப்பட்டது.

பிறகு ஜெய்ஹான் ஆற்றில் அணை கட்டத் திட்டம் வந்தது. நீர் ஏறினால் தொல்லிடங்கள் மூழ்கும். விடாமல் வாதாடி, நீர்மட்டத்தைக் குறைக்க வைத்தார் ஹாலெத்.

கரடேபே கல்வெட்டுகளின் முழுத் தொகுப்பு 1999இல் வெளிவந்தபோது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார். அவர் மறைந்தது 2014இல், 97ஆம் வயதில். கீழே அணைநீர் தேங்கி நிற்க, மேலே அந்தச் சிங்கங்கள் இன்றும் அசாதிவாதாவின் வாசலிலேயே நிற்கின்றன.