எல்லாப் பாடங்களிலும் நம் வரலாறு



வெள்ளி விழா மேடையில் கட்டடங்களைப் பற்றியும் தேர்ச்சி விகிதங்களைப் பற்றியும் பிறர் பேசுவர், அவை பெருமைக்குரியனவே. நாம் பாடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். ஒடுக்கப்பட்ட மக்களின் போராட்ட வரலாறு நம் பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கிறது? ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை அணிவிக்கும்போது கிடைக்கிறது. சமூக அறிவியல் நூலின் ஓரிரு பத்திகளில் கிடைக்கிறது. மறுநாள் நடக்கும் கணக்கு வகுப்புக்கும் அறிவியல் வகுப்புக்கும் அதனோடு எவ்வித உறவும் இல்லை. இவ்வாறு ஒதுக்கி வைப்பது தகாது என்பதே நம் கருத்து. ஊருக்கு வெளியே சேரி இருப்பது போலப் பாடத்துக்கு வெளியே நம் வரலாறு இருக்க வேண்டுமா?

தமிழ்ப் பாடத்திலிருந்து தொடங்குவோம். இரட்டைமலை சீனிவாசன் கோவைக் கலாசாலையில் பயின்றவர். 1939-இல் வெளிவந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில், அங்கிருந்த ஏறத்தாழ நானூறு மாணவர்களில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர் என்று குறிப்பிடுகிறார். தம் குலமும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியிலேயே அமர்ந்து படிப்பாராம். வகுப்பு முடிந்ததும் விரைந்து வீடு திரும்புவாராம். பிள்ளைகளோடு விளையாடவும் துணிவில்லை. அந்த மாணவரே 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்று பெயர் சூட்டினார். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தார். மறைத்து வாழ்ந்த பெயரையே தலைப்பாக ஏற்றிய அந்த நெஞ்சுரத்தை, தன்வரலாறு என்னும் இலக்கிய வகையைக் கற்பிக்கும் ஆசிரியர் கோவைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம் அன்றோ?

கணக்கில் இதற்கென்ன இடம் என்று கேட்பவர் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் மாதம் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். நான்கு பைசா ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். எனில், இதழ் ஒன்றுக்கு ஒரு பைசா வீதம் 52 வாரத்துக்கு 13 அணா. இக்கணக்கைப் போடும் பிள்ளை, ஒரு ரூபாய்க்கும் குறைவான செலவில் ஓர் ஆண்டு முழுவதும் அறிவு புகட்டிய இதழ் ஒன்று இருந்ததைத் தானே கண்டுகொள்ளும். 1932-இன் பூனா ஒப்பந்தப்படி 148 தனி இடங்களில் சென்னை மாகாணத்துக்கு 30. 1937-இல் சென்னைச் சட்டப்பேரவையின் மொத்த இடங்கள் 215. இது எத்தனை விழுக்காடு? 2009-இல் தமிழகத்தில் அருந்ததியருக்கு வழங்கப்பட்ட 3 விழுக்காடு, பட்டியல் சாதியினருக்குரிய 18 விழுக்காட்டில் எத்தனையில் ஒரு பங்கு? இத்தகைய உள்பிரிவுக்கு மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று 2024-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நம்மிடையேயும் வாதத்தை எழுப்பியது. வாதிடுவோர் முதலில் பின்னத்தைச் சரியாகப் போடட்டும்.

அறிவியலே நம் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது. கொங்கு நாட்டு மேட்டாங்காட்டுக்குக் கிணறே உயிர். மோட்டார் வருமுன் கவலை ஏற்றம் இருந்தது. எருதுகள் சரிவில் இறங்க, வடம் கப்பியில் சுழல, தோற்பறி நிறையத் தண்ணீர் மேலே வரும். எளிய எந்திரங்கள், விசை, வேலை என்னும் பாடங்கள் அனைத்தும் அந்தக் கிணற்று மேட்டிலேயே உள்ளன. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்குவர். பின்னர் ஆவாரம்பட்டைச் சாற்றில் இடுவர். பட்டையின் துவர்ப்பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து அழுகலைத் தடுக்கிறது. இது வேதியியல். இத்தொழிலை அறிந்து செய்தவர் அருந்ததியர். அவர் தைத்த தோல் நாள் முழுவதும் கிணற்றில் மூழ்கி எழுந்தது. அவருடைய கை மட்டும் அந்த நீரைத் தொடலாகாது என்றனர்! பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் சீனிவாசன் கொண்டுவந்தது ஏன் என்பதைத் தோற்பறியைக் கண்ட பிள்ளைக்கு விளக்கவே வேண்டியதில்லை.

கடல் கடந்தும் இத்தகைய முயற்சி உண்டு. அமெரிக்காவில் மெக்சிக்க வழியினரின் போராட்டங்களை எல்லாப் பாடங்களோடும் இணைத்துக் கற்பிக்க விழையும் ஆசிரியர்கள் இருக்கின்றனர். கலிபோர்னியாவில் மெக்சிக்கப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைத்ததை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த மெண்டஸ் வழக்கு 1947-இல் மேல்முறையீட்டிலும் வென்றது. அங்கே பண்ணைத் தொழிலாளரின் முதுகை ஒடித்த குட்டைக் கைப்பிடிக் களைக்கொத்து 1975-இல் தடைசெய்யப்பட்டது. அந்தக் களைக்கொத்தின் நீளம் கணக்கு, வளைந்த முதுகெலும்பு உடலியல், தடை சட்டம். நம் தோற்பறிக்கு அது உடன்பிறப்பு.

புவியியலுக்கு ஒரு நிலப்படம் போதும். சீனிவாசன் படித்த கோவை, 1891-இல் பண்டிதர் மாநாடு கூட்டிய நீலகிரி, 1898-இல் அவர் ஆல்காட்டோடு சென்ற கொழும்பு, வட்டமேசை மாநாடு நடந்த இலண்டன் ஆகியவற்றைக் கோடிட்டு இணைக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். பாடம் நடத்துகையில் எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையை நோக்கி, "உங்கள் வீட்டில் தோல் தைத்தார்களா?" என்று கேட்கலாகாது. அக்கேள்வி பிள்ளையை மீண்டும் பள்ளிக்கு வெளியே அமரச் செய்யும். இப்பாடங்களை நம்மவரான ஆசிரியரின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடுவதும் முறையன்று. எந்தச் சமூகத்தில் பிறந்த ஆசிரியரும் நடத்த வேண்டும், எந்தச் சமூகப் பிள்ளையும் கேட்க வேண்டும்.

வரும் கல்வியாண்டில் கவலைக் கிணற்றுப் பாடத்தை முதலில் எழுதலாம் என எண்ணுகிறோம். பறி தைத்ததையும் கவலை ஓட்டியதையும் நேரில் கண்ட முதியோர், தாமாக விரும்பின், ஆசிரியரின் நாற்காலியிலேயே அமர்ந்து எடுத்துரைக்க அழைக்கிறோம். எவர் வீட்டுப் பரணிலேனும் பழைய பறியோ கப்பியோ இருப்பின், கழகத்துக்கு இரவலாகத் தந்துதவ வேண்டுகிறோம்.