கை நீளம் போதவில்லை
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'நடுவயதின் நகைச்சுவை' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. செயலாளர் அதை ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தார். நான் அதை 'நடுவழியின் நகைச்சுவை' என்று படித்துவிட்டேன். பேருந்துப் பயணத்தில் பட்ட பாடுகளை நான்கு பக்கம் எழுதியும் முடித்துவிட்டேன். என் மகள்தான் துண்டுத்தாளை வாங்கிப் பார்த்து, "அப்பா, இது வழி இல்லை, வயது" என்றாள். ஆக, இந்தத் தலைப்புக்குச் சான்று தேடி நான் வெளியே எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

நாற்பதைத் தாண்டியவர்க்கு வரும் இந்தப் பார்வைக் குறையைத் தமிழில் வெள்ளெழுத்து என்கிறோம். மை தடவாத ஓலையிலே கீறிய எழுத்துப் போல, எழுத்து இருக்கிறது, ஆனால் இல்லை. எவ்வளவு நாகரிகமான சொல்! குறை கண்ணில் இல்லையாம். எழுத்துத்தான் வெளுத்துப் போயிற்றாம். சாளேசுரம் என்று இன்னொரு சொல்லும் உண்டு. அதற்கு இந்த நயமெல்லாம் தெரியாது. மராட்டியில் நாற்பதைச் சாளீஸ் என்பர்; இந்தக் குறைக்கும், அதற்காக அணியும் கண்ணாடிக்கும் சாளிசி என்றே அங்கு பெயர். வயதை நெற்றியில் எழுதி ஒட்டிவிடுகிற சொல் அது. நான் வெள்ளெழுத்துக் கட்சியைச் சேர்ந்தவன்.

மருத்துவர்கள் சொல்லும் காரணம் எளியது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்வானது. அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது நன்றாகக் குவிந்து கொடுக்கும். ஆண்டுகள் ஏற ஏற அது இறுகி, குவிய மறுக்கிறது. 10 வயதுச் சிறுவன் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தும் எழுத்தைத் தெளிவாகப் பார்ப்பான். 45 வயதை ஒட்டி அந்தத் தொலைவு 25 சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. 60 வயதில் ஏறத்தாழ 1 மீட்டர். இயற்கை இப்படிக் கணக்கிட்டபோது மனிதனின் கையை மட்டும் மறந்துவிட்டது. என் கை 1 மீட்டர் இல்லை.

கை நீளம் போதாமற் போன அன்றே நான் கண்ணாடிக் கடைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. 42 வயதிலிருந்து 44 வரை இரண்டாண்டுக் காலம் வீம்பாக இருந்தேன். குழல்விளக்கு மங்கல் என்றேன். அச்சகத்தார் மையை மிச்சப்படுத்துகிறார்கள் என்றேன். மாத்திரை அட்டையை மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்று சூரியனை நோக்கிப் பிடித்துக் காலாவதித் தேதி பார்த்தேன். கைப்பேசிப் பழக்கத்தால் ஒருநாள் திருமண அழைப்பிதழின் மேல் இரண்டு விரல்களை வைத்து விரித்தும் பார்த்தேன். எழுத்துப் பெரிதாகவில்லை. எதிரே நின்ற பெண் வீட்டார்தாம், அட்டையின் வழவழப்பை மெச்சுகிறேன் என்று எண்ணி மகிழ்ந்து போனார்கள்.

அந்த வீம்பு நம் வட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. ஒரு மாதக் கூட்டத்தில் வரமுடியாத இளங்கவிஞர் ஒருவரின் கவிதையைப் படிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஊர்க்கோடியில் ஏரி ஒன்று இருப்பதாக அவர் எழுதியிருந்தார். நான் எரி என்று படித்தேன். ஏகாரத்தின் காலிலே உள்ள அந்தச் சிறு கோடு என் கண்ணில் படவில்லை. எரியில் சிறுவர்கள் குளித்தார்கள். எரியின் கரையில் கொக்கு நின்றது. அவை அசந்து போயிற்று. மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, இத்தனை துணிச்சலான படிமத்தை அண்மையில் தாம் கேட்டதில்லை என்றார். அடுத்த மாதம் அந்த இளைஞர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, அது ஏரிதான். ஆனால் தொகுப்பில் எரி என்றே போட்டுவிட்டேன்" என்றார். அவருடைய நூல்களில் நன்றாக விற்றது அதுதான்.

பிறகு நினைத்துப் பார்த்தபோது ஒன்று விளங்கிற்று. பழைய ஏட்டுச் சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கு வேற்றுமை இராது. ஏகாரத்துக்குக் கீழ்க்கோட்டை இட்டவர் வீரமாமுனிவர் என்பார்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றுவதற்குமுன், அப்படிப்பட்ட ஏடுகளோடு ஆண்டுக்கணக்கில் போராடினார். நமக்கு அந்தச் சிரமமே வேண்டாம். வெள்ளெழுத்து வந்துவிட்டால் புத்தம்புதிய அச்சுநூலும் ஏட்டுச் சுவடிதான். அவருக்குப் புலமை இருந்தது. நமக்குத் துணிவு இருக்கிறது. அவ்வளவே வேறுபாடு.

பெஞ்சமின் பிராங்கிளின் இரட்டை வில்லைக் கண்ணாடியைப் பற்றி 1785இல் ஒரு நண்பருக்கு எழுதினார். அதை அணிந்தால் உணவு மேசையில் தட்டையும் காணலாம், எதிரே பேசுபவரின் முகத்தையும் காணலாம். ஆகவே தமக்குப் பிரெஞ்சு மொழி நன்றாகப் புரிகிறது என்பது அவர் கருத்து. எனக்கும் அப்படியே. கண்ணாடி இல்லாவிட்டால் என் மனைவி சொல்வது எனக்குச் சரியாகக் காதில் விழுவதில்லை.

இவ்வளவு சிரித்தாயிற்று. ஏன் கடைசியில் கண்ணாடி வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1986இல் எனக்குப் பத்து வயது. அப்பாவின் கண்ணாடியில் ஒரு வில்லை கீறல் விட்டு, டவுனுக்குப் பழுது பார்க்கப் போயிருந்தது. அந்த வாரம் அத்தையிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது, 15 காசு அட்டை. அந்தக் காலத்து அட்டைகளை நீங்கள் அறிவீர்கள். எழுத இடம் தீர்ந்ததும் அட்டையைத் திருப்பிப் பிடித்து ஓரத்திலே எழுதுவார்கள். அப்பா அதை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். தெருவில் பையன்கள் கோலிக் குண்டுகளோடு காத்திருந்தார்கள். நலம், நலமறிய ஆவல், பசு கன்று ஈன்றது, இப்படிக்கு, என்று முடித்துவிட்டு ஓடினேன். ஓரத்தை நான் படிக்கவில்லை. "அவ்வளவுதானா?" என்று அப்பா கேட்டது வாசலைத் தாண்டும்போது காதில் விழுந்தது. "அவ்வளவுதான்" என்றேன்.

ஒன்பது நாள் கழித்துக் கண்ணாடி வந்தது. கம்பியிலே குத்தி வைத்திருந்த அட்டையை அப்பா எடுத்து, மறுபடியும் படித்தார். அட்டையைத் திருப்பி ஓரத்தையும் படித்தார். வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், நீ வந்து உட்கார்ந்தால் போதும் என்று அத்தை எழுதியிருந்தார். மாமா இறந்து அப்போது மூன்றாண்டு. அந்த வெள்ளிக்கிழமை போய்விட்டிருந்தது.

அப்பா என்னை அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டார், என்னையும் அழைத்துக்கொண்டு பேருந்து ஏறினார். தாய்மாமன் எங்கே என்று வந்தவர்கள் இரண்டு முறை கேட்டார்களாம். அத்தை அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அட்டை வந்ததுக்கா. நான்தான் சரியாப் படிக்கலை" என்றார் அப்பா. அந்தச் சம்பந்தம் அமையவில்லை. மறு ஆண்டு வேறிடத்தில் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் அந்த ஓராண்டும் அத்தை அப்பாவோடு பேசவில்லை. திரும்பும் வழியில் பேருந்தில் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ஓரத்தையும் படிக்கணும்டா."

அப்பா காலமான பிறகு, 2009இல், அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். "எனக்கு அன்னிக்கே தெரியும். நீ தூணை விட்டு நகரவே இல்லையே" என்றார்.

நான் வீம்பு பிடித்திருந்த அந்த இரண்டாண்டில், எனக்கு வரும் கடிதங்களை என் மகள்தான் படித்துக் காட்டுவாள். ஒருநாள் வங்கிக் கடிதம் ஒன்றை மூன்று வரியில் முடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "அவ்வளவுதான் அப்பா" என்றாள். மறுநாள் காலையில் நான் கண்ணாடிக் கடையில் இருந்தேன். ஆயினும் பழக்கம் விடவில்லை. அவள் எதைப் படித்துக் காட்டினாலும், "ஓரத்தில் ஏதாவது இருக்கிறதா அம்மா?" என்று கேட்கிறேன். "வாட்ஸ்அப்பில் ஓரமே கிடையாது அப்பா" என்கிறாள்.

இந்த உரையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தந்ததும் அவள்தான். கடைசித் தாளின் ஓரத்தில் பேனாவால் ஏதோ எழுதியிருக்கிறாள். சற்றுப் பொறுங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

'ஒன்பது மணிக்குக் கடைசிப் பேருந்து. சீக்கிரம் முடியுங்கள்.'