யார் என்று எழுதுங்கள்
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாத்தியாரைப் புகழ்ந்து பேச எங்களை அழைத்திருந்தால் வந்திருக்க மாட்டோம். தன்னை யாராவது மேடையில் புகழ்ந்தால் எழுந்து போய் வாசலில் நின்று பீடி பற்றவைப்பவர் அவர். அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறோம். அவருடைய சிவப்புப் பேனா சம்பந்தப்பட்டது அது.

துண்டறிக்கை, சுவரொட்டி, உண்மை அறியும் குழுவின் அறிக்கை, எது எழுதினாலும் அச்சுக்குப் போகும் முன் அவரிடம் கொடுப்போம். எழுத்துப்பிழை பார்ப்பார் என்றுதான் முதலில் நினைத்தோம். ஒற்றுப்பிழையை அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ‘தாக்கப்பட்டார்’ என்று எழுதியிருந்தால் ஓரத்தில் ‘யார்?’ என்று எழுதுவார். ‘ஏராளமானோர்’ என்றால் ‘எத்தனை?’ ‘கூறப்படுகிறது’ என்றால் ‘கூறியது யார், கேட்டது யார்?’ ஒரு பக்கத் துண்டறிக்கை திரும்பி வரும்போது ஓரமெல்லாம் சிவப்பாக இருக்கும். எங்களுக்குக் கோபம் வரும். ஊரில் அடி விழுந்துகொண்டிருக்கிறது, இவர் இலக்கணம் பார்க்கிறாரே என்று பேசிக்கொள்வோம். அது இலக்கணம் இல்லை என்று புரிய எங்களுக்குச் சில ஆண்டுகள் ஆயின.

புரியவைத்த சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அவர் நினைவாக நடக்கும் கூட்டத்தில் அதை மறைத்துவிட்டு வேறு எதைப் பேசினாலும் பொய்யாகிவிடும்.

ஒரு கிராமத்தில் சுடுகாட்டுப் பாதைத் தகராறு. நம் மக்கள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு பொதுப்பாதையில் போனதற்காக அன்றிரவு தெருவுக்குள் புகுந்து அடித்தார்கள். மறுநாள் நாங்கள் ஐந்து பேர் போனோம். ஒரு மாட்டுக்கொட்டகையும் ஒரு வைக்கோல் போரும் எரிந்து கிடந்தன. மூன்று வீடுகளின் கூரையைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவை முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்து, சாதிப் பெயரைச் சொல்லி அடித்திருந்தார்கள். அவர் எங்களிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். யார் முடியைப் பிடித்தது, எந்த வீட்டு வாசலில், யார் யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் எல்லாவற்றையும் சொன்னார்.

அன்றிரவே துண்டறிக்கை எழுதினோம். வாத்தியார் வெளியூரில் இருந்தார். அவசரம் என்று காட்டாமலே அச்சுக்குக் கொடுத்தோம். ‘பத்துக்கும் மேற்பட்ட குடிசைகள் எரித்துச் சாம்பலாக்கப்பட்டன’ என்று அதில் எழுதியிருந்தோம். ஏன் அப்படி எழுதினோம்? ஒரு கொட்டகை எரிந்தது என்றால் நகரத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று பயந்தோம். உண்மை போதாது என்று நினைத்தோம்.

நான்காம் நாள் அதிகாரிகள் முன்னிலையில் சமாதானக் கூட்டம். எதிர்த்தரப்பில் ஒருவர் எங்கள் துண்டறிக்கையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். ‘பத்துக் குடிசை எங்கே எரிந்திருக்கிறது, காட்டச் சொல்லுங்கள்’ என்றார். எங்களால் காட்ட முடியவில்லை. அதன்பிறகு அந்த அம்மா பேசியதையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அவர் புகார் பதிவாவதற்கு மேலும் பல நாட்கள் அலைந்தார். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் எங்களிடம் கேட்டார்: “ஏந்தம்பி, நடந்தத நடந்தபடிதான ஒங்ககிட்ட சொன்னேன்? நீங்க ஏன் கூட்டி எழுதுனீங்க?”

அந்தக் கேள்விக்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை. முடியைப் பிடித்து இழுத்தவனைத் தப்பிக்கவைக்க எங்கள் பேனாவும் உதவியிருக்கிறது.

தோழர்களே, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி ஏசுவது அதில் தனிக்குற்றம். 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வீட்டின் நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது பேசியது என்பதால் அக்குற்றம் பொருந்தாது என்றது. அந்தத் தீர்ப்பை நாம் விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆனால் புகார் எழுதிக்கொடுக்க உட்காரும் மாணவருக்கு அது ஒன்றைச் சொல்கிறது. ‘சாதியைச் சொல்லித் திட்டினார்கள்’ என்று ஒரே வரியில் முடிக்கக் கூடாது. என்ன சொல், எந்த இடம், யார் கேட்டார்கள் என்று எழுத வேண்டும். அந்த அம்மா அதைத்தான் சொன்னார். நாங்கள்தான் அதை விட்டுவிட்டு நெருப்பை எழுதினோம்.

இப்போது எதிர்ப்பக்கத்து மொழிக்கு வருவோம். செய்திகளில் ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று படிக்கிறோம். ஒரு தரப்பு அரிவாளோடு வந்தது, இன்னொரு தரப்பு உறங்கிக்கொண்டிருந்தது என்றாலும் அது மோதல்தான். ‘பதற்றம் நிலவுகிறது’ என்கிறார்கள். பதற்றம் மழைமேகம் போலத் தானாக வந்து நிலவுகிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைக் கூலித் தகராறு என்று மட்டும் சொன்னால் சாதி மறைந்துவிடும். சாதி என்று மட்டும் சொன்னால் அம்மக்கள் கேட்ட அரைப்படி நெல் மறைந்துவிடும். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வாக்கியம் சற்று நீளமாகத்தான் இருக்கும். அந்த நீளத்துக்கு நாம் சோம்பல்படக் கூடாது.

நாங்கள் சமூகவியல் முதுகலை படித்த காலத்தில் பாடக்குறிப்புகளில் ‘தாழ்ந்த சாதியினர்’ என்று இருக்கும். தேர்வில் நாங்களும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினோம். ஒருநாள் வாத்தியார் எங்கள் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, ‘தண்ணி தாழ்ந்த இடத்துக்கு ஓடும். மனுஷன் எப்படிடா தாழ்ந்தான்?’ என்றார். தாழ்ந்த என்பதற்கும் தாழ்த்தப்பட்ட என்பதற்கும் நடுவில் ஒரு கை இருக்கிறது, தாழ்த்திய கை. ‘தாக்கப்பட்டார்’ என்னும்போது அடித்தவனை ஒளித்துவைக்கும் அதே செயப்பாட்டுவினை, ‘தாழ்த்தப்பட்டோர்’ என்னும்போது தாழ்த்தியவன் ஒருவன் உண்டு என்று காட்டிக்கொடுக்கிறது. ஆகவே சொல்லில் நல்லது கெட்டது என்று ஒரு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய முடியாது. ஒவ்வோர் இடத்திலும் அது யாரைக் காட்டுகிறது, யாரை மறைக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் முன்னோர் இதைப் பார்த்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுசெய்தார்களோ அதையே தலைப்பில் அச்சிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். இருவரும் ஒரே காலத்தவர், உறவினர்களும்கூட. பெயர் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்பதை 1922இல் சென்னை மாகாண அரசு ஏற்றது. அதற்குச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா போராட வேண்டியிருந்தது. 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ‘ஹரிஜன்’ என்ற சொல்லைச் சட்டத்தில் ஏற்ற முனைந்தபோது அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளிநடப்புச் செய்தார்கள். பெயர் வைக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் அங்கே கேள்வி. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் தோன்றியபோது அந்தச் சொல்லை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். 2018இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கு அதைத் தவிர்க்கும்படி அறிவுரை அனுப்பியது. யாரும் கொடுக்காமல் தானாக எடுத்துக்கொண்ட பெயர் என்றால் அவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும்.

நம் காலத்திலேயே ஒரு சொல்லை மாற்றியிருக்கிறோம். கௌரவக் கொலை என்று எழுதியவர்கள் இன்று ஆணவக் கொலை என்று எழுதுகிறார்கள். பெற்ற மகளைக் கொன்றவனுக்குக் கௌரவம் என்ற சொல்லை நாம் கொடுக்க மறுத்தோம். அதே வேளையில் சொல்லை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று யாரும் ஏமாற வேண்டாம். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். பலகையில் பெயர் மாறிய பிறகு தெருவுக்குச் சாலை வந்ததா, தண்ணீர்த்தொட்டி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்றும் கேட்போம்.

இனிச் சொல்லப்போவது நமக்குள் பேச வேண்டியது. அருந்ததியருக்கு 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. அந்த நாட்களில் நம் தோழர்கள் சிலர் பேசிய பேச்சை நினைத்துப் பாருங்கள். கடைசியில் நிற்பவர் ‘என் பங்கு’ என்று கேட்டபோது நாம் ‘பிளவு’ என்றோம். இட ஒதுக்கீடு கேட்ட நம்மைப் பார்த்து மற்றவர்கள் பயன்படுத்திய அதே சொல் அது. தரவு பற்றி, கிரீமிலேயர் பற்றி, தீர்ப்பின் உள்நோக்கம் பற்றி வாதிடலாம். வாதிடும்போது ஒரு சகோதரனின் தொழிலையும் தாய்மொழியையும் இழுத்துப் பேசினோமே, அந்த வார்த்தைகளை எந்தச் சாதியிடமிருந்து கடன் வாங்கினோம்?

பெண் தோழர்கள் இதைவிட நீளமான பட்டியல் வைத்திருக்கிறார்கள். கோழையை ‘பொட்டை’ என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறோம். எதிரியைத் திட்ட அவன் தாயைத் தேடிப் போயிருக்கிறோம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் கைதட்டவில்லை. நாங்கள் கவனிக்கவில்லை. வாத்தியார் கவனித்தார். கூட்டம் முடிந்ததும், ‘இன்னிக்குப் பாதி சனத்த வெளியே அனுப்பிட்டுப் பேசுனீங்க’ என்றார்.

இதையெல்லாம் கேட்கும் மாணவர் ஒருவர், ‘அப்படியானால் கோபமே கூடாதா? நயமாகப் பேசு என்று ஆண்டைகள் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அடிபட்டவனின் குரல் உயர்ந்துவிட்டது என்பதை அடித்ததைவிடப் பெரிய குற்றமாக்கும் தந்திரம் நமக்குத் தெரியும். நாங்கள் கேட்பது நயம் இல்லை. 1936இல் லாகூரில் பேச அம்பேத்கரை அழைத்தவர்கள், உரையின் சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. மாநாடே நடக்கவில்லை. பேசப்படாத அந்த உரையைத் தன் செலவில் 1500 பிரதிகள் அச்சிட்டார். அதைவிடக் கோபமான உரை எது? அதேசமயம் அந்த உரையில் சான்று இல்லாமல் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பேஷ்வாக்களின் ஆட்சி, மால்வாவின் ஊர்கள், குஜராத்தின் கவிதா என்று இடமும் நிகழ்வும் சொல்லிக்கொண்டே போகிறார். காற்புள்ளியை மாற்ற மறுக்கும் தைரியம், ஒவ்வொரு காற்புள்ளியையும் முன்பே சரிபார்த்தவருக்குத்தான் வரும்.

நமக்குக் கையில் அதிகாரம் இல்லை, காவல் நிலையம் இல்லை, நாளிதழ் இல்லை. சொன்னால் நம்புவார்கள் என்பது ஒன்றுதான் இருக்கிறது. அவர்கள் நூறு பொய் சொன்னாலும் நூற்றியோராவதைக் கேட்க ஆள் இருக்கிறது. நாம் ஒரு தடவை கூட்டி எழுதினால் அடிபட்டவர் பதினைந்து நாள் அலைய வேண்டியிருக்கிறது. இது அநியாயமான கணக்கு. என்றாலும் அந்தக் கணக்குக்குள் இருந்துதான் இன்று எழுதுகிறோம்.

அந்தத் துண்டறிக்கையை வாத்தியார் பிறகு பார்த்தார். எங்களைத் திட்டவில்லை. அச்சான பிரதி ஒன்றை எடுத்து, வழக்கம்போலச் சிவப்புப் பேனாவால் திருத்தினார். ‘பத்துக்கும் மேற்பட்ட’ என்பதை அடித்துவிட்டு ‘ஒரு கொட்டகை, ஒரு போர், மூன்று கூரை’ என்று எழுதினார். கீழே காலியாக இருந்த இடத்தில், ‘அந்த அம்மா சொன்னது எங்கே?’ என்று கேட்டிருந்தார். அந்தப் பிரதி எங்களிடம் இருக்கிறது. இன்று புதிதாக வரும் ஒவ்வொரு தோழருக்கும் முதலில் அதைத்தான் கொடுக்கிறோம். படித்துவிட்டு அடுத்த ஊருக்குக் குறிப்பேட்டோடு கிளம்புகிறார்கள்.