பருவந்தோறும் வீட்டுக்கொரு படநூல்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஆண்டறிக்கையின் வரவு செலவும் பள்ளிவாசல் பராமரிப்பும் தங்கள் முன் வைக்கப்பட்டுவிட்டன. கல்விக் குழுவின் சார்பில் ஒரே ஒரு வேண்டுகோளை மட்டும் இங்கு விரித்துரைக்க விரும்புகிறோம். நம் மஹல்லாவில் ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும், ஆண்டின் ஒவ்வொரு பருவத்திலும், படக்கதை நூல்கள் சுற்றில் சென்று வரவேண்டும் என்பதே அவ்வேண்டுகோள்.

இது சிறு காரியமாகத் தோன்றலாம். மேற்படிப்புக்கு உதவித்தொகை, பத்தாம் வகுப்பு மாணவர்க்கு மாலை வகுப்பு என்று பெரிய பணிகள் இருக்கையில் படம் பார்க்கும் புத்தகத்துக்கு என்ன அவசரம் என்று கேட்போர் உண்டு. பத்தாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளையின் தடுமாற்றம் பல வேளைகளில் முதல் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது என்பதே அதற்கு நாம் கூறும் விடை.

எல்லைப்புறத்துப் பிள்ளைகளின் நிலை

தொரப்பள்ளியும் ஓசூர் வட்டாரமும் மொழிகள் சந்திக்கும் இடம். கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒலிக்கின்றன. நம் வீடுகள் பலவற்றில் அடுப்படி மொழி தக்னி உருது. தொழிற்சாலைகளை நாடி வடமாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் வாழும் சகோதரர்களின் பிள்ளைகளோ இந்தியும் வங்காளமும் பேசுகின்றனர். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. வீட்டில் ஒரு மொழி, தெருவில் இன்னொரு மொழி, வகுப்பறையில் மூன்றாவது மொழி என்னும் நிலையில் ஐந்து வயதுப் பிள்ளை பள்ளியில் அடியெடுத்து வைக்கிறது. அதுவரை கையில் ஒரு புத்தகமும் பிடித்தறியாத பிள்ளைக்கு எழுத்தும் புதிது, மொழியும் புதிது, பக்கத்தைப் புரட்டும் முறையும் புதிது. மூன்றையும் ஒரே நாளில் சுமக்கும் பிள்ளை வாய்மூடி அமர்ந்துவிடுகிறது. அந்த மௌனத்தை மந்தம் என்று தவறாகக் கணிப்போர் உண்டு. அக்கணிப்பைப் பிள்ளையும் காலப்போக்கில் நம்பிவிடுகிறது. நம் கவலை இதுதான்.

இவ்வூர் மண்ணே இதற்கு மாறான ஒரு சான்றையும் தருகிறது. 1878 டிசம்பர் 10ஆம் நாள் தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, ஓசூரிலும் பின்னர்ப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் பயின்றவர். எல்லைப்புறத்தில் வளர்ந்து கன்னட நாட்டில் படித்த அவர், எளிய தமிழில் கதைகளும், வேதியியலைப் பாமரர்க்கு விளக்கும் ‘திண்ணை ரசாயனம்’ என்னும் நூலும் எழுதினார். பல மொழிகளுக்கு நடுவே வளர்வது குறையாகாது. அம்மொழிகளைப் புத்தகத்தோடு இணைக்கும் கை வீட்டில் இருந்தால் அதுவே செல்வமாகும்.

மார்க்கமும் வாசிப்பும்

திருக்குர்ஆனில் முதன்முதலாக இறங்கிய வசனங்கள் ஓதுவதையும் எழுதுகோலையும் பற்றியவை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு நிகழ்ந்த பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தும் மீட்புத்தொகை செலுத்த இயலாதவர்கள், மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றனர் என்று சீரா நூல்கள் தெரிவிக்கின்றன. வறுமை சூழ்ந்திருந்த அந்நாளில் பொன்னையும் வெள்ளியையும் விடக் குழந்தைகளின் எழுத்தறிவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உயர்வாக மதித்தார்கள் என்பது இதனால் விளங்கும்.

படங்களைக் குறித்துச் சில பெரியவர்கள் நம்மிடம் வினவியுள்ளனர். உயிருள்ளவற்றின் உருவங்கள் உள்ள நூலைப் பள்ளிவாசலின் பெயரால் கொடுக்கலாமா என்பது அவர்களின் ஐயம். இது மதிக்கத்தக்க ஐயமேயாகும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகளை வைத்து விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்ற செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. இதனை ஆதாரமாகக் கொண்டு குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு அறிஞர் பலர் சலுகை அளித்துள்ளனர். எனினும் நூல்களை இமாம் அவர்களின் பார்வைக்கு வைத்த பின்னரே வழங்குவோம். தொழுமிடத்தில் அவை வைக்கப்படமாட்டா. மக்தப் அறையின் அலமாரியிலேயே இருக்கும். இவ்விரண்டும் திட்டத்தின் நிபந்தனைகள்.

முஸ்லிம் உலகத்துக்குப் படநூல் புதிதும் அன்று. நம் நாட்டுப் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் வழியாகச் சென்று, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்னும் அறிஞரின் கையால் ‘கலீலா வ திம்னா’ என்னும் அரபு நூலாயின. சிங்கமும் எருதும் நரியும் பேசும் அந்நூலுக்கு ஓவியர்கள் வண்ணப் படங்கள் தீட்டினர். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய ஓவியப் பிரதி ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இன்றும் இருக்கிறது. ஐரோப்பாவில் குழந்தைகளுக்கான முதல் படப் பாடநூல்களுள் ஒன்றாகக் கருதப்படும் கொமேனியஸின் நூல் வெளிவந்தது 1658இல்தான்.

வீடு தேடிச் சென்ற முன்னோடிகள்

புத்தகத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு செல்வதில் தமிழ்நாட்டுக்குப் பெருமைமிக்க வரலாறு உண்டு. 1931ஆம் ஆண்டு மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் பொறியாளர் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ்.ஆர். அரங்கநாதன் அம்முயற்சிக்கு ஊக்கமளித்தார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அதே ஆண்டில் அவர் வெளியிட்ட நூலக விதிகளுள் ஒன்று. நூலகத்துக்கு வர இயலாதவனிடம் நூலகமே செல்ல வேண்டும் என்பதை அந்த மாட்டுவண்டி நடைமுறையில் காட்டியது.

கைக்குழந்தைக்கே நூல் கொடுக்கும் வழக்கம் 1992இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தொடங்கியது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்ற முஸ்லிம் குடும்பங்கள் மிகுதியாக வாழும் நகரம் அது. ‘புக்ஸ்டார்ட்’ எனப்பட்ட அத்திட்டத்தில் முதலில் 300 குடும்பங்களுக்கே நூல்கள் தரப்பட்டன. சுகாதாரப் பணியாளர் குழந்தையின் உடல்நலத்தைப் பார்க்கும்போதே ஒரு நூலையும் தாயின் கையில் கொடுத்தார். பின்னர் அது நாடு முழுவதும் பரவி, 2001இல் ஜப்பானுக்கும் சென்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் பிறந்த நாள் முதலே பிள்ளைக்கு வாசித்துக் காட்டுமாறு 2014இல் அறிவுறுத்தியது.

கொரோனாக் காலத்தில் நம் மாநிலத் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் முடிய மூடிக்கிடந்தன. அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வசிப்பிடத்துக்கே சென்று கற்பித்தனர். பள்ளிக் கட்டடம் மட்டும் போதாது, வீடும் கற்கும் இடமாக வேண்டும் என்ற பாடத்தை அந்த ஆண்டுகள் நமக்குக் கற்றுத் தந்தன.

எழுத்தறியாத தாயும் கதை சொல்லலாம்

‘எனக்குத் தமிழ் வாசிக்க வராதே, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்’ என்று தாய்மார்கள் கேட்பார்கள். படநூலின் சிறப்பே அதற்கு விடை. படத்துக்கு லிபி இல்லை. பக்கத்தில் ஆடு இருந்தால் உருதில் பக்ரி என்றும் தமிழில் ஆடு என்றும் கன்னடத்தில் மேக்கெ என்றும் சொல்லலாம். ‘இது எங்கே போகிறது? ஏன் அழுகிறது? அடுத்து என்ன நடக்கும்?’ என்று பிள்ளையைக் கேட்டால் பிள்ளையே கதை சொல்லும். 1988இல் ஒயிட்ஹர்ஸ்ட் என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இம்முறையை ஆராய்ந்தனர். தாய் வாசித்துக்கொண்டே போகாமல் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டு விடையை விரித்துச் சொன்ன வீடுகளில், ஒரே மாதத்தில் குழந்தைகளின் பேச்சுத்திறன் தெளிவாக உயர்ந்தது கண்டறியப்பட்டது. தாய்க்கு எந்த மொழி இயல்போ அந்த மொழியில் பேசட்டும். அம்மொழியில் வளரும் சொல்வளம் பள்ளி மொழிக்கும் அடித்தளமாகும். எழுத்தே இல்லாத படக்கதைகளும் உண்டு. அவற்றை முதலில் அனுப்புவோம்.

தந்தையர்க்கும் ஒரு சொல். ஷிப்டு வேலை செய்வோர் பிள்ளை உறங்கும்போது கிளம்பி, உறங்கிய பின் திரும்புவதை நாம் அறிவோம். வார விடுமுறை நாளில் கால்மணி நேரம் பிள்ளையை மடியில் அமர்த்திப் புத்தகத்தைப் புரட்டினால் போதும். அந்தக் கால்மணி நேரத்தில் கைப்பேசி அப்பால் இருக்கட்டும்.

பருவத்துக்கேற்ற நூல்

நூல்கள் பருவத்தைத் தழுவிச் செல்ல வேண்டும் என்று ஏன் சொல்கிறோம்? படத்தில் கண்டதைப் பிள்ளை வாசலிலும் காணும்போதுதான் சொல் மனத்தில் நிலைக்கும். சித்திரை முதல் ஆனி வரை கிருஷ்ணகிரி மாவட்டமே மாம்பழம் மணக்கும். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குச் செல்லும். அப்போது மரம், பழம், அணில், எறும்பு பற்றிய நூல்கள் செல்லட்டும். கோடை விடுமுறையாதலால் பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். ஆடி முதல் ஐப்பசி வரை மழைக்காலம். தென்பெண்ணையில் நீர் பெருகும், பிள்ளைகள் வீட்டுக்குள் முடங்குவர். மழை, தவளை, ஆறு பற்றிய நூல்களுக்கு அதுவே காலம். கார்த்திகை முதல் தை வரை பனியும் ராகி அறுவடையும். கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் சானமாவுக் காட்டுப் பக்கம் வந்து விளைந்த ராகியை மேயும் நாட்களும் அவையே. யானைக் கதைக்கு நம் பிள்ளைகளிடம் எவ்வளவு கேள்விகள் இருக்கும்! மாசி, பங்குனியில் எண்களும் நிறங்களும் அன்றாட வேலைகளும் பற்றிய நூல்கள், பள்ளியில் சேரவிருக்கும் பிள்ளைகளுக்காக.

இவற்றோடு நமக்கு நகரும் பருவம் ஒன்றும் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவாதலால் ரமலான் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாக் காலங்களையும் சுற்றி வருகிறது. பிறை, நோன்பு, ஈகை, இரு பெருநாள்கள், ஹஜ் ஆகியவை பற்றிய படநூல்களை அந்தந்த மாதத்தில் அனுப்புவோம். இந்த ரமலானில் மாங்காயா, பனியா என்று கணக்கிடுவதே பிள்ளைக்கு ஒரு வானியல் பாடமாகும்.

நடைமுறை

நூல்களுக்குப் பஞ்சமில்லை. 1957இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்ட் பல இந்திய மொழிகளில் குறைந்த விலையில் சிறுவர் நூல்களை வெளியிட்டு வருகிறது. 1996இல் சென்னையில் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் அல்லது ஆங்கிலமும் கன்னடமும் அச்சிட்ட இருமொழிப் படநூல்களுக்குப் பெயர் பெற்றது. நம் அண்டை நகரான பெங்களூரில் 2004இல் பிறந்த பிரதம் புக்ஸ், 2015இல் ‘ஸ்டோரிவீவர்’ என்னும் இணைய நூலகத்தைத் திறந்தது. அதில் தமிழ், உருது, தெலுங்கு, கன்னடம், இந்தி முதலிய மொழிகளில் உள்ள கதைகளை எவரும் இலவசமாகப் பெற்று அச்சிட்டுக்கொள்ளலாம். ஒரே படக்கதையை இரு மொழிகளில் பெற முடிவது நம் மஹல்லாவுக்கென்றே அமைந்த வசதி போன்றது.

ஒரு துணிப்பையில் நான்கு நூல்கள். பதினைந்து நாள் ஒரு வீட்டில், பின் அடுத்த வீட்டில். மக்தப் வரும் பிள்ளைகள் பையை எடுத்துச் செல்வர். மற்ற வீடுகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பெண்மக்கள் கொண்டு சென்று, முதல் முறை தாயுடன் அமர்ந்து ஒரு கதை சொல்லிக் காட்டுவர். நூல் கிழிந்தால் அபராதம் இல்லை. குழந்தை கையாளும் நூல் கிழியத்தான் செய்யும். அலமாரியில் கசங்காமல் கிடக்கும் நூலால் எவருக்கும் பயன் இல்லை. வாடகை அறைகளில் வாழும் வெளிமாநிலச் சகோதரர்களின் பிள்ளைகளும், நம்மோடு சுவரைப் பகிரும் பிற சமயத்துப் பிள்ளைகளும் இச்சுற்றில் சேர்வர். அண்டை வீட்டார்க்குரிய உரிமையில் இதுவும் ஒன்று.

செலவைப் பற்றிக் கவலை வேண்டா. ஜகாத் நிதியை இதற்குத் தொடமாட்டோம், அதற்குரியோர் வேறு. விரும்பிக் கொடுக்கும் ஸதகாவும் சந்தாவும் போதும். ஒரு வலீமா விருந்தில் ஒரு பந்தியைக் குறைத்தால் ஒரு தெருவுக்கு ஓராண்டு நூல் கிடைத்துவிடும். திருமணம், குழந்தைப் பேறு, அகீகா ஆகிய மகிழ்ச்சிகளின்போது இரண்டு நூல்கள் வாங்கித் தருவதை வழக்கமாக்குமாறு குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆகவே இப்பொதுக்கூட்டத்திடம் மூன்றைக் கேட்கிறோம். மக்தப் அறையில் ஓர் அலமாரிக்கு இடம். ஆண்டு வரவு செலவில் இதற்கெனத் தனித் தலைப்பு. தெருவுக்கு ஒரு சகோதரியின் பொறுப்பேற்பு. அடுத்த ஆண்டறிக்கையில் எத்தனை நூல் வாங்கினோம் என்பதோடு, எத்தனை வீடுகளுக்கு எத்தனை முறை சென்றன, எத்தனை நூல்கள் தேய்ந்து மாற்றப்பட்டன என்பதையும் கணக்காகத் தருவோம், இன்ஷா அல்லாஹ்.

நம் குழந்தைகளின் கல்வியில் இறைவன் பரக்கத் செய்வானாக. இப்பணியில் கைகொடுக்கும் அனைவருக்கும் நற்கூலி வழங்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.