எண்பது ரூபாய் அப்பளம்



1959 மார்ச் 15. மும்பை கிர்காவில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் அப்பளம் இட்டார்கள். முதலீடு, கடன் வாங்கிய 80 ரூபாய். அன்று தயாரானது நான்கே பாக்கெட். அதுதான் லிஜ்ஜத் அப்பளத்தின் தொடக்கம்.

நட்டமே வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்று அப்போதே முடிவெடுத்தார்கள். முதல் மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் வேலை நின்றது. அடுத்த மழைக்கு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலில் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பை மூட்டி உலர்த்தினார்கள். வேலை நிற்கவில்லை. ஆள் கூடியபோதும் எல்லோரையும் ஒரே ஆலைக்குள் அடைக்கவில்லை. பெண்கள் காலையில் மாவை வாங்கிச் சென்று, வீட்டிலேயே இட்டு, மறுநாள் கொண்டுவந்து கொடுத்துக் கூலி பெற்றார்கள். லாபத்திலும் பங்கு உண்டு. இன்று 40,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு அதுவே வாழ்வாதாரம்.

சிறுதொழில் செய்யும் அன்பர்களே, இரண்டாவது கடை திறக்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இப்போதுள்ள வேலை எந்த இடத்தில் தடைப்படுகிறது? விரிவாக்கும் செலவைச் சொந்த வருமானம் தாங்குமா? லிஜ்ஜத் பெண்களைப் போல முதலில் தடையை நீக்குங்கள். வருமானம் தாங்கும் அளவுக்கு மட்டும் விரிவாக்குங்கள். அப்படி வளரும் தொழில் நிலைக்கும்.